லாம்பெத்தில் தைத்த சட்டை

(இணையவழி நேரலை உரையின் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே லண்டனில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பேருந்துச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் நம் குழுவில் ஒரு நண்பர் ஒரு படம் போட்டிருந்தார். ஓமான் நாட்டின் தோஃபார் பாலைவனத்தில் வெள்ளி நிற உடையும் கண்ணாடித் தலைக்கவசமும் அணிந்த ஒருவர் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். 2018 பிப்ரவரியில் ஆஸ்திரிய விண்வெளி மன்றம் நடத்திய செவ்வாய் ஒத்திகை அது. படத்துக்குக் கீழே வந்த கருத்துகள் உங்களுக்கு நினைவிருக்கும். ‘பெரியவர்கள் ஆடும் மாறுவேடப் போட்டி’ என்றார் ஒருவர். ‘வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்?’ என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி மனதிலேயே நின்றுவிட்டது. ஓர் உடையைப் போட்டுப் பார்ப்பதால் மட்டும் தெரியவரும் விஷயம் எது? வரைபடத்திலும் கணக்கிலும் தெரியாதது எது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு தெருவின் கதை. வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோடு என்று ஒரு சாலை. லாம்பெத் பகுதி. அதில் 187ஆம் எண்ணில் நெப்டியூன் ஒர்க்ஸ் என்ற தொழிற்கூடம் இருந்தது. சீப் கோர்மன் என்ற கம்பெனியுடையது. கடலடியில் இறங்குபவர்களுக்கான உடை செய்வது அவர்கள் தொழில். பழைய ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள், செம்புத் தலைக்கவசம், அதில் வட்டமான கண்ணாடி, பெரிய ரப்பர் துணி உடை, ஈயம் வைத்த காலணி. கம்பெனியைத் தொடங்கிய அகஸ்டஸ் சீப் ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து வந்தவர். சோஹோவில் டென்மார்க் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டில் நினைவுப் பலகை இருக்கிறது. அந்தத் தெரு இன்று கிதார் கடைகளுக்குப் பேர்போனது. கிதார் வாங்க வருபவர்கள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்டதில்லை.

ஈழத்து நண்பர்கள் இந்த வேலை செய்பவரை ‘சுழியோடி’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். மன்னாரிலும் தூத்துக்குடியிலும் முத்துக்குளித்தவர்கள் உடை எதுவும் இல்லாமல், கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டி மூச்சடக்கி இறங்கியவர்கள். லாம்பெத்துக்காரர்கள் செய்தது, மேலேயிருக்கும் காற்றைச் சுழியோடியோடு கீழே அனுப்புவது. அதே யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் விண்வெளி உடை வந்துவிடும். கீழே இருக்கும் காற்றை மேலே எடுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான். அப்படித் திருப்பிப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேன் ஸ்காட்லாந்துக்காரர், மூச்சைப் பற்றியே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். சுரங்கங்களுக்குள் இறங்கி அங்குள்ள விஷவாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தவர். தொழிலாளிகளை எச்சரிக்கக் கூண்டில் கேனரிப் பறவையைக் கொண்டுபோகலாம் என்று சொன்னதும் அவர்தான். அந்தக் குடும்பத்துக்கு ஒரு குலமொழி உண்டு, ஒற்றைச் சொல். தமிழில் ‘பொறுத்துக்கொள்’ என்றோ ‘வேதனைப்படு’ என்றோ சொல்லலாம். இதைப் படித்தபோது யாரோ கதைக்காகச் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இல்லை, அவர்கள் குலச்சின்னத்திலேயே இருக்கிறது.

கடற்படைக்காக அவர் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் சுழியோடிகள் மூட்டுவலியில் துடித்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். காரணம் நைட்ரஜன். அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்த அந்த வாயு, அழுத்தம் சட்டென்று குறையும்போது சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியிடும். செல்சியில் இருந்த லிஸ்டர் நிறுவனத்தில் ஓர் இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எவ்வளவு ஆழத்திலிருந்து எத்தனை படியாக, எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று வரவேண்டும் என்ற அட்டவணை 1908இல் வெளியானது. விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே நடக்கப்போகிறவர்கள் இன்றும் முன்கூட்டியே ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிக்கொள்கிறார்கள். அந்த வழக்கத்தின் வேர் செல்சி ஆடுகளிடம் இருக்கிறது.

1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த சோதனைக்குத் தன் பதின்மூன்று வயது மகனையும் கூட்டிப்போனார் ஹால்டேன். பெரியவர்களின் உடையை மாட்டிச் சிறுவனையும் இறக்கினார்கள். அளவு சேராததால் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் புகுந்தது, உடைக்குள் ஏறிக்கொண்டே வந்தது. சிறுவன் காற்றுத் திருகைத் திறந்துவைத்துத் தண்ணீர் தலைக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டே மேலே வந்தான். உடை கசியுமா என்பதற்கு அதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. இன்றைக்கு எந்த அப்பாவாவது இப்படிச் செய்தால் போலீஸ் வந்துவிடும். அந்த மகன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிறகு அவரிடம் வருகிறேன்.

அப்பா ஹால்டேன் 1922இல் ‘ரெஸ்பிரேஷன்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதில் போகிற போக்கில் ஒரு யோசனை. சுழியோடியின் உடை போன்ற ஒன்றை அணிந்து, உள்ளே ஆக்சிஜனை அழுத்தத்தோடு வைத்திருந்தால், மனிதன் எவ்வளவு உயரத்துக்கும் போகலாம், உடம்பின் பக்கத்திலிருந்து தடை இருக்காது என்று எழுதினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து இளைஞர் ஒருவர் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். மார்க் ரிட்ஜ் என்று பெயர்.

பலூனில் யார் அதிக உயரம் போவது என்று உலகமே போட்டி போட்ட காலம் அது. 1927 நவம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஹாதார்ன் கிரே திறந்த கூடையில் 40,000 அடிக்கு மேல் போனார், திரும்பி வந்தது அவர் உடல். 1931இல் ஒகுஸ்த் பிக்கார் மூடிய உலோக உருண்டைக்குள் உட்கார்ந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உயரம் போய் உயிரோடு திரும்பினார். ரிட்ஜின் கணக்கு வேறு. கனமான உருண்டை எதற்கு? அதன் எடையை விட்டுவிட்டு, மனிதனுக்கு மட்டும் ஒரு சட்டை தைத்துவிட்டால் திறந்த கூடையிலேயே இன்னும் மேலே போகலாமே. தன் நாட்டு ராணுவத்திடம் கேட்டார், கதவு திறக்கவில்லை. ஹால்டேனுக்கு எழுதினார். ஹால்டேன் சீப் கோர்மனின் தலைவர் சர் ராபர்ட் டேவிஸிடம் பேசினார். 1933இல் ரிட்ஜ் லண்டன் வந்து சேர்ந்தார்.

டேவிஸின் ஆட்கள் சுழியோடியின் உடையை எடுத்து அவருக்காக மாற்றித் தைத்தார்கள். தொழிற்கூடத்திலேயே ஓர் இரும்பு அறை இருந்தது. அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வானத்தின் எந்த உயரத்தையும் லாம்பெத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். அந்த நவம்பரில் ரிட்ஜ் உடைக்குள் நுழைந்தார், அறைக்குள் போய் உட்கார்ந்தார், கதவைப் பூட்டினார்கள். முதலில் 50,000 அடிக்குச் சமமான அழுத்தம். ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் இன்னொரு முறை. இந்தத் தடவை அறையின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 17 மில்லிமீட்டர் வரை இறங்கியது.

இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடற்கரையில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர். எவரெஸ்ட் உச்சியில் சுமார் 250. அழுத்தம் 47க்குக் கீழே போனால் நம் உடம்பின் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும், சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் அந்த எல்லை. செவ்வாய்க் கிரகத்தின் தரையில் நான்கோ ஐந்தோ மில்லிமீட்டர். அதாவது 1933இல், வெளியே டிராம் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெருவில், எவரெஸ்ட்டைவிடச் செவ்வாய்க்கு நெருக்கமான ஓர் இடத்தை உண்டாக்கி அதற்குள் ஒரு மனிதரை உட்கார வைத்தார்கள். அவர்களில் யாரும் செவ்வாயை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

உடை ஏமாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது 33 வருடம் கழித்துத் தெரிந்தது. 1966 டிசம்பரில் ஹூஸ்டனில் ஜிம் லெப்ளாங்க் என்ற நாசா ஊழியர், நிலவு உடை ஒன்றை வெற்றிட அறையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 நொடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் நுரைத்துக் கொதித்ததுதான் கடைசியாக நினைவிருந்தது என்று பின்னாளில் சொன்னார். உடனே அறைக்குள் காற்றை நிரப்பினார்கள், பிழைத்துவிட்டார். ரிட்ஜ் அந்த அறைக்குள் போனபோது இப்படி முன்னால் நடந்ததைச் சொல்ல ஒருவரும் இல்லை. விமானி இல்லை, விஞ்ஞானி இல்லை, சம்பளமும் இல்லை.

உடை வேலை செய்தது. ரிட்ஜ் ஊர் திரும்பினார். பலூன் கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. தனக்காகத் தைத்த உடையில் அவர் ஓர் அடிகூட வானத்தில் ஏறவில்லை. விண்வெளி உடையின் வரலாறு எழுதுகிறவர்கள் பலர், 1934இல் உடையோடு உண்மையாகவே பறந்த அமெரிக்க விமானி வைலி போஸ்டிலிருந்து தொடங்குவார்கள். பறந்தவருக்குப் பெயர் கிடைப்பது நியாயம்தான். ஆனாலும் நான் ரிட்ஜ் பக்கம்தான். பறப்பவருக்கு வானம் கிடைக்கிறது. அறைக்குள் உட்கார்ந்தவருக்கு இரும்புச் சுவர்தான் கிடைத்தது.

உடையின் பயணம் ஆங்கிலேய விமானப்படையில் தொடர்ந்தது. 1936 செப்டம்பர் 28. ஹால்டேன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்குவாட்ரன் லீடர் ஸ்வைன், ஹால்டேன்–டேவிஸ் உடையின் மேம்பட்ட வடிவத்தை அணிந்து, பிரிஸ்டல் 138 என்ற மர விமானத்தில் ஃபார்ன்பரோவிலிருந்து கிளம்பி 49,967 அடி தொட்டார். உலக சாதனை. இறங்கும்போது மூச்சு திணறியது. கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை. விமானத்தின் மூடியையோ உடையையோ திறக்க முடியவில்லை. கடைசியில் கத்தியை எடுத்துத் தலைக்கவசத்தின் கண்ணாடியைக் கிழித்து வெளிக்காற்றை உள்ளே விட்டுக்கொண்டார். தன்னைக் காக்கத் தைத்த சட்டையைத் தானே கிழித்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம், 1937 ஜூன் 30. ஃப்ளைட் லெப்டினென்ட் ஆடம், அதே வகை விமானம், 53,937 அடி. மேலே இருக்கும்போது விமானத்தின் மூடிக் கண்ணாடி வெடித்து விரிசல் விட்டது. அவரைக் காப்பாற்றியது அந்த உடைதான். ஒன்பது மாத இடைவெளியில் ஒருவரைத் திணறடித்ததும் இன்னொருவரைக் காத்ததும் ஒரே குடும்பத்து உடை.

ஸ்வைனுக்கு ஏன் கை மடங்கவில்லை? சைக்கிள் ட்யூபில் காற்றடித்துவிட்டு மடக்கிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிற எந்த உடையும் விறைத்துக்கொண்டு நிற்கவே விரும்பும். விரலை மடக்குவதே வேலையாகிவிடும். இரும்பு அறைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இது அவ்வளவாக உறைக்காது. விமானம் ஓட்டுகிறவருக்கு, ஒரு தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியவருக்கு உறைக்கும். 1965 மார்ச்சில் முதன்முதலாக விண்வெளியில் மிதந்த அலெக்சி லியோனவுக்கும் இதுதான் நடந்தது. உடை ஊதிப்போய் கலத்துக்குள் திரும்ப முடியாமல், திருகைத் திறந்து காற்றைக் குறைத்த பிறகே உள்ளே வந்தார். முப்பது வருட இடைவெளி, ஒரே தொல்லை.

இப்போது ஓமான் படத்துக்கு வருவோம். அந்த வெள்ளி உடைக்கு ‘ஔடா’ என்று பெயர். எடை நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல். நிஜமான செவ்வாய் உடைபோல அது காற்றழுத்தத்தால் விறைப்பதில்லை. அதற்குப் பதிலாக மூட்டுகளில் ஒரு சட்டகம் வைத்து, வேண்டுமென்றே கையையும் காலையும் மடக்கச் சிரமமாக்கியிருக்கிறார்கள். ஸ்வைன் பட்ட பாட்டைச் செயற்கையாகச் செய்து உடைக்குள் தைத்திருக்கிறார்கள். ஒரு கல்லை எடுத்துப் பையில் போட எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனையாவது கல்லில் மனிதர் பொறுமை இழக்கிறார், எதைக் கைதவறிப் போடுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மாறுவேடப் போட்டி என்று சொன்ன நண்பர் நேரலையில் இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால் நாற்பத்தைந்து கிலோ என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இதே லண்டனில் போட்டுப் பார்க்காத உடை ஒன்றும் உண்டு. நெப்டியூன் ஒர்க்ஸ் இருந்த இடத்திலிருந்து அரைமணி நேரத்துக்கும் சற்று அதிகமாக நடந்தால் வாக்ஸால். அங்கே சவுத் லாம்பெத் சாலையில் இன்று இருக்கிறது பிரிட்டிஷ் கிரகாந்தரக் கழகம். அது தொடங்கியது லிவர்பூலில், 1933 அக்டோபர் 13. ரிட்ஜ் அறைக்குள் போவதற்குச் சில வாரங்கள் முன்பு! பிறகு லண்டனுக்கு வந்தது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டு மாலையில் நிலவுக்குப் போகத் திட்டம் போட்டவர்களின் சங்கம். கையில் காசில்லை. 1875ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம் ராக்கெட் செய்து பார்க்கவும் விடவில்லை. ஆகவே காகிதத்தில் செய்தார்கள். 1939இல் நிலவுக் கலத்தின் வடிவமைப்பை வெளியிட்டார்கள். போருக்குப் பிறகு ஹாரி ராஸ் என்ற உறுப்பினர் நிலவு உடை ஒன்றைக் கற்பனை செய்தார். 1950இல் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தது. ஆர்.ஏ. ஸ்மித் அதற்குப் படம் வரைந்தார். வெயிலைத் திருப்பியடிக்க வெள்ளி பூசிய மேலங்கி, கையில் தடி. லண்டன் மழையில் குடையோடு போகிற கனவானை நிலவுக்கு அனுப்பியதுபோல இருக்கும்.

நான் கேலி செய்யவில்லை. வெப்பம், மூச்சு, வியர்வை எல்லாவற்றுக்கும் அந்தக் காகித உடையில் கணக்குப் போட்டிருந்தார்கள். பல கணக்குகள் சரியானவை. ஆனால் அந்த உடையில் எந்த இடத்தில் தோல் உரசும் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஸ்வைனின் கத்தி அந்தக் கட்டுரைக்குள் வராது.

அந்தக் கழகத்தின் தலைவராக இரண்டு முறை இருந்தவர் ஆர்தர் கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்குக் குடிபோனார். பலரும் கடற்கரைக்காகப் போனார் என்று நினைக்கிறார்கள். எடையில்லாமல் மிதப்பது எப்படியிருக்கும் என்று பூமியில் தெரிந்துகொள்ளக் கடலடிதான் வழி என்பதால்தான் சுழியோடத் தொடங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். காகிதத்தில் நிலவுக்குப் போன கூட்டத்தின் தலைவர் உடம்போடு இறங்கியது திருகோணமலைக் கடலில். போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அவரும் மைக் வில்சனும் தண்ணீருக்கடியில் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். முதுமையில் போலியோவின் பின்விளைவால் நடக்க முடியாமல் போனபோதும் கிளார்க் கடலுக்குள் இறங்குவதை எளிதில் விடவில்லை.

ஜே.பி.எஸ். ஹால்டேனிடம் திரும்பி வருவதாகச் சொன்னேன். கசிந்த உடைக்குள் நின்ற அந்தப் பையன். 1939 ஜூனில் ‘தீட்டிஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அவர்கள் கடைசி மணிநேரங்களில் எதைச் சுவாசித்தார்கள், ஏன் வெளியேற முடியவில்லை என்று கண்டுபிடிக்க, ஜே.பி.எஸ். லண்டனில் அதே சீப் கோர்மன் கம்பெனியின் இரும்பு அறைக்குள் போய் உட்கார்ந்தார். துணைக்கு ஸ்பெயின் போரில் சண்டையிட்டு வந்தவர்கள் சிலர். கரியமில வாயு, அழுத்தம், ஐஸ் தண்ணீர், சுத்த ஆக்சிஜன் என்று போர் முழுவதும் அந்தச் சோதனைகள் தொடர்ந்தன. ஒருமுறை ஆக்சிஜன் நஞ்சாகி வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது, அந்த வலி கடைசிவரை போகவில்லை. சோதனைகளில் பங்கெடுத்தவர்களில் ஹெலன் ஸ்பர்வேயும் ஒருவர், பிறகு அவரை மணந்துகொண்டார்.

இருவரும் 1957இல் இந்தியாவுக்கு வந்தார்கள். முதலில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பிறகு புவனேஸ்வரம். இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். வேட்டி குர்தாவுக்கு மாறினார். ஏன் இங்கிலாந்தை விட்டு வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அறுபது வருடம் காலுறை போட்டது போதும் என்பாராம். பதின்மூன்று வயதில் மாட்டிக்கொண்ட அந்த ரப்பர் உடையும் அவர் கணக்கில் சேர்ந்திருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரத்தில் இறந்தார். உயிலில் எழுதியிருந்தபடி, அவர் உடலை ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு.